அஞ்சலட்டையின் பின்பக்கத்தையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் நடுப்பக்கத்தில் கரீபியன் தீவுகளின் பழைய ஒளிப்படங்கள் ஆறினை வெளியிட்டிருந்தீர்கள். தீவு என்றால் நெடுந்தீவும் நயினாதீவும்தான் என்றிருக்கும் எங்களுக்கு அந்தக் கடற்பக்கத்தையும் காட்டியது நல்ல வேலை. ஆனால் இரண்டாம் படத்தின் கீழ் "திரினிடாட் தீவில் குடியேறிய தமிழ்ப் பெண்" என்று போட்டிருந்தது பெரும்பாலும் பிழை. அதைவிடப் பெரிய பிழை, ஆறு படங்களிலும் அடி விளிம்பை வெட்டி எறிந்தது. வெளியீட்டாளரின் பெயர், வரிசை எண், ஊர்ப்பெயர் எல்லாம் அந்த அரை அங்குல வெள்ளை விளிம்பில்தான் இருக்கும்.

முதலில் அந்தப் பெண். திரினிடாட்டுக்கு 1845 மே 30 அன்று 'ஃபாத்தல் ரசாக்' கப்பல் வந்ததிலிருந்து 1917இல் ஆளேற்றுவது நிறுத்தப்படும் வரை, ஏறக்குறைய 144,000 பேர் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு ஒப்பந்தத்தில் கொண்டுபோகப்பட்டார்கள். இவர்களில் மிகப் பெரும்பான்மையினர் கல்கத்தாவில் கப்பலேறிய வட இந்தியக் கிராமத்தவர்கள். சென்னையில் ஏறியவர்கள் சிறுபான்மையினர். அவர்களை அங்கே 'மதராசி' என்று தனியாகச் சுட்டினார்கள். உங்கள் படத்தில் உள்ள பெண் அகன்ற பாவாடை கட்டி, தலையை மூடி 'ஓர்னி' போட்டு, கழுத்தில் 'ஹசுலி' எனப்படும் விறைப்பான வெள்ளி வளையம் அணிந்திருக்கிறார். முன்கை முழுக்க வெள்ளி வளையல். உடையை மட்டும் வைத்து ஒருவரின் மொழியை அறுதியிட முடியாது. ஆனால் உடையும் ஆட்கணக்கும் ஒரே பக்கம் சாயும்போது 'தமிழ்ப் பெண்' என்று எழுத எந்த ஆதாரமும் மிஞ்சவில்லை.

தமிழரைத் தேடுவதென்றால் பிரெஞ்சுத் தீவுகளுக்குத்தான் போகவேண்டும். 1853இல் மார்ட்டினிக்குக்கும் 1854இல் குவாதலூப்புக்கும் முதல் தொகுதியைக் கொண்டுபோனது 'ஒரேலி' என்ற ஒரே கப்பல். புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஏறியவர்களில் தமிழர் நிறையப் பேர். 1888இல் பிரித்தானிய அரசு தன் ஆட்சிப் பகுதியில் பிரெஞ்சுத் தீவுகளுக்கு ஆள்சேர்ப்பதைத் தடைசெய்தது. அதற்குள் குவாதலூப்புக்கு ஏறக்குறைய 42,000 பேரும் மார்ட்டினிக்குக்கு 25,000 பேரும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அங்கே பிரெஞ்சு எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் இன்றும் குடும்பப் பெயர்களாக இருக்கின்றன. முத்துசாமி 'முத்துசமி' ஆனார், வீரப்பன் 'வீராப்பேன்' ஆனார், வைத்திலிங்கம் 'வைத்திலிங்கோன்' ஆனார். குவாதலூப்பில் இந்திய வம்சாவளியினரின் குடியுரிமைக்காக வழக்காடிய ஹென்றி சிதாம்பரோம் (1863–1952) என்பவரின் பெயரைக் கேட்டதும் எங்களுக்குச் சிதம்பரம் ஞாபகம் வரும், அதேதான். மாரியம்மன் அங்கே 'மலியேமேன்'. தெருக்கூத்து வழி வந்த ஆட்டத்துக்கு 'நாட்ரோன்' என்று பெயர், நாடகம் என்ற சொல்லின் மிச்சம். 'கொலம்போ' என்ற கறியை எங்கள் கொழும்போடு சேர்த்துக் குழப்பிக்கொள்வோர் உண்டு. அது 'குழம்பு' என்பதன் திரிபு என்பதே பலர் கொள்ளும் விளக்கம். பாரிஸில் உறவினர் இருந்தால் அந்தப் பெயரிலேயே தூள் வாங்கி அனுப்புவார்கள்; மல்லி, சீரகம், கடுகு, வெந்தயம், மஞ்சள் மணக்கும். எங்கள் வறுத்த மிளகாய்த் தூளின் காரத்தை அதில் எதிர்பார்க்க வேண்டாம்.

இனி அந்த வெட்டப்பட்ட விளிம்பு. இவ்வகை அட்டைகளின் அடியில் ஆங்கிலத்தில் 'கூலி பெல்' (கூலி அழகி), 'கூலி வுமன்' என்றுதான் அச்சிட்டிருப்பார்கள். திரினிடாட்டின் தலைநகரான போர்ட் ஒஃப் ஸ்பெயினில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்ரூடியோ நடத்திய ஃபெலிக்ஸ் மொறின் என்ற பிரெஞ்சுக்காரர் எடுத்த படங்கள் இவற்றில் பெயர்போனவை. ஆளுக்குப் பெயர் இல்லை. எங்கள் ஊரில் கூலி என்றால் வேலைக்குக் கிடைக்கும் காசு. அட்டையில் அதுவே ஆளின் அடையாளமாகிவிட்டது. கொழும்பில் பிளாட்டே, ஸ்கீன் முதலிய கம்பனிகள் விற்ற அட்டைகளிலும் இதே கதைதான். 'தமிழ்ப் பெண்', 'தமிழ்க் கூலி' என்று போட்டு உலகமெங்கும் அனுப்பினார்கள். அந்தத் தலைப்பு இழிவானது என்று நினைத்து நீங்கள் அதை நீக்கியிருக்கலாம். நோக்கம் சரி, வழி சரியில்லை. நீக்கினால், அந்தப் பெண்ணுக்கு என்ன செய்தார்கள் என்பதும் சேர்ந்து மறைந்துபோகும். அச்சிட்டபடியே காட்டி, கீழே உங்கள் குறிப்பைத் தனியாகப் போடுங்கள்.

அவர் உடம்பில் உள்ள வெள்ளியையும் வெறும் அலங்காரமாகப் பார்க்கக்கூடாது. சம்பளக் காசில் மிச்சம் பிடித்த வெள்ளி நாணயங்களை அங்கிருந்த தட்டாரிடம் கொடுத்து உருக்கியோ, வளையம் பற்றவைத்துக் கோத்தோ அணிந்தார்கள். நல்ல பிரதியில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் மாலையில் கோத்த ஷில்லிங்கில் அரசியின் தலையே தெரியும். தலை தெரிந்தால் எந்த ஆண்டுக்கு முன் எடுத்திருக்க முடியாது என்பதும் தெரியும்.

ஆண்டைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் ஆறு படங்களுக்கும் "சுமார் 1900" என்று ஒரே அளவுகோலால் அளந்திருக்கிறீர்கள். அட்டையைத் திருப்பிப் பாருங்கள். முகவரிக்கு மட்டும் முழுப் பக்கமும் விடப்பட்டிருந்தால் பழையது. நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் செய்தி, வலப்பக்கம் முகவரி என்று பிரித்திருந்தால் பிரித்தானிய அட்டை 1902க்குப் பிந்தியது, பிரெஞ்சு அட்டை பெரும்பாலும் 1904 முதலானது, அமெரிக்க அட்டை 1907 மார்ச்சுக்குப் பிந்தியது. முத்திரை ஒட்டும் கட்டத்தைச் சுற்றி ஏ, இஸட், ஓ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது அச்சு அல்ல, உண்மையான போட்டோத் தாள். கட்டத்தின் நான்கு மூலையிலும் முக்கோணம் மேல்நோக்கி இருந்தால் 1904–1918; இரண்டு மேலே, இரண்டு கீழே என்றால் 1918–1930.

ஆனால் இது தாளின் வயது. படத்தின் வயது வேறாக இருக்கலாம், பலர் சறுக்குவது இங்கேதான். மார்ட்டினிக்கில் 1902 மே 8 காலை பெலே எரிமலை வெடித்துச் சென் பியேர் நகரம் நிமிடங்களில் அழிந்தது. ஏறக்குறைய 28,000 பேர் மாண்டார்கள். அழிவுக்கு முந்திய தெருக்களின் கண்ணாடித் தகடுகளை (அக்கால நெகட்டிவ்களை) வைத்திருந்தோர் அதற்குப் பின் ஆண்டுக்கணக்காக அட்டை அடித்து விற்றார்கள். எனவே நடுக்கோடு போட்ட அட்டையில் சென் பியேரின் சனநெருக்கமான தெரு இருந்தால், தாள் 1904க்குப் பிந்தியது, படம் 1902க்கு முந்தியது. இரண்டையும் எழுதவேண்டும். உங்கள் ஐந்தாம் படத்தில் கிங்ஸ்டன் தெருவில் ட்ராம் போகிறது. மேலே மின்கம்பி தெரிகிறது. ஜமெய்க்காவில் மின் ட்ராம் 1899இல் வந்தது, அதற்கு முன் கோவேறு கழுதை இழுத்தது. 1907 ஜனவரி 14 பூகம்பமும் தீயும் அந்த நகரின் நடுப்பகுதியைச் சிதைத்தன. தெருவிலுள்ள கட்டடங்கள் நிலநடுக்கத்துக்கு முந்தியவை என்று உறுதியானால், படம் அந்த எட்டு ஆண்டுக்குள் வந்துவிடும். "சுமார் 1900" என்பதைவிட இது எவ்வளவோ மேல்.

போர்ட் ஒஃப் ஸ்பெயினின் செம்மாளிகை (ரெட் ஹவுஸ்) என்ற அரசாங்கக் கட்டடமும் ஆண்டைக் கணிக்க இப்படி ஒரு நங்கூரம். 1897இல் விக்டோரியா அரசியின் வைர விழாவுக்குச் சிவப்பு பூசியதால் அந்தப் பெயர். 1903இல் தண்ணீர்க் கட்டண எதிர்ப்பில் எரிந்தது, 1907இல் புதிதாகத் திறந்தார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பைத் தேடாதீர்கள், கூரையின் அமைப்பைப் பாருங்கள். நிறம் தீட்டிய அட்டை என்றால் இன்னும் கவனம் வேண்டும். 1914க்கு முன் இவற்றில் ஏராளமானவை ஜேர்மனியில் அச்சானவை. அந்தத் தீவைக் கண்ணாலும் காணாத ஒருவர் தன் மனம்போனபடி சேலைக்குப் பச்சையும் கடலுக்கு நீலமும் போட்டிருப்பார். அந்த நிறத்தை வைத்து உடை வழக்கம் பற்றி ஒரு வரிகூட எழுதக்கூடாது.

நிறம் தீட்டாத படமும் பொய் சொல்லும். அக்காலக் கண்ணாடித் தகடுகள் நீலத்தை நன்றாகவும் சிவப்பை அறவே இல்லாமலும் வாங்கும். குங்குமப் பொட்டு கரும்பொட்டாகும், மஞ்சள் துணி மங்கிக் கறுக்கும், நீலச்சேலை வெளுத்துப்போகும், வானம் வெறும் வெள்ளையாகும். தோலின் நிறமும் உள்ளதைவிடக் கறுப்பாகவே விழும். குவாதலூப், மார்ட்டினிக், சென் லூசியாப் பெண்கள் தலையில் கட்டும் 'மட்ராஸ்' கட்டம் போட்ட துணி, பெயர் சொல்வதுபோலச் சென்னைப் பக்கத்திலிருந்து போன சரக்கு. மஞ்சளும் சிவப்புமாகப் பளிச்சிடும் அந்தத் துணி பழைய படங்களில் துக்கவீட்டுத் துணிபோலத் தெரிவது தகட்டின் குற்றம்.

அன்றாட வாழ்வைக் காட்டும் படங்களுக்கு நீங்கள் கொடுத்த குறிப்புகள் மிகச் சுருக்கம். "சுமை தூக்கும் பெண்கள்" என்று ஒரு வரி. அந்தப் பெண்களின் தலைக்கும் கூடைக்கும் நடுவில் என்ன இருக்கிறது? துணியைச் சுற்றி வளையமாக்கிய சும்மாடு. ஜமெய்க்காவில் அதற்குக் 'கொட்டா' என்று பெயர், துணியாலோ வாழைச் சருகாலோ செய்வார்கள். திருநெல்வேலிச் சந்தைக்கு மரக்கறிக் கடகம் சுமந்தவர்களைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு சொல் போட்டிருந்தால் போதும்.

வாழைக்குலைப் படத்தில் பெண்கள் வரிசையாகக் கப்பலுக்குப் போகிறார்கள், ஓரத்தில் ஒருவர் நிற்கிறார். அவர் மேற்பார்வை மட்டும் செய்யவில்லை, எண்ணுகிறார். ஒன்பது சீப்பு இருந்தால்தான் முழுக்குலை. எட்டு, ஏழு என்று குறைந்தால் கணக்கிலும் குறையும், தோட்டக்காரனுக்குக் காசும் குறையும். படத்தைப் பெரிதாக்கினால் சீப்புகளை நாங்களே எண்ணலாம். சென் லூசியாவின் காஸ்ட்றீஸ் துறைமுகப் படங்களில் இதேபோல வரிசை தெரியும், ஆனால் கூடையில் இருப்பது நிலக்கரி. நீராவிக் கப்பல்களுக்குக் கரி ஏற்றும் நிலையமாக அந்தத் துறைமுகம் இருந்தது. இரண்டையும் மாற்றி எழுதுவோர் உண்டு. குலை என்றால் கூடை இருக்காது, கரி என்றால் உடையெல்லாம் கறுத்திருக்கும்.

மூன்றாம் படத்தை "கொக்கோ விதை மேல் நடனமாடும் தொழிலாளர்" என்று போட்டிருந்தீர்கள். பெயர் 'நடனம்'தான், ஆனால் களியாட்டம் இல்லை. பறித்த கொக்கோவை வாழையிலை போட்டு மூடி ஒரு கிழமையளவு புளிக்கவிடுவார்கள். பிறகு தட்டுகளில் வெயிலில் காயப்போடுவார்கள். காய்ந்த சதை விதையோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பூஞ்சணம் பிடிக்கும், விலை போகாது. அதற்காக விதையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, வெறுங்காலால் அரைத்து அரைத்து நடந்து, சதையை உரித்துப் பளபளப்பாக்குவார்கள். எங்கள் முற்றத்தில் புழுங்கல் நெல்லைக் காலால் துழாவுவது நினைவுக்கு வரும். அதைவிட அழுத்தமான வேலை. படத்தில் தட்டுக்கு மேலே தெரியும் கூரை நகரக்கூடியது. மழை இருண்டால் தண்டவாளத்தில் தள்ளி மூடிவிடலாம். திரினிடாட் படங்களில் இந்த நகரும் கூரையைப் பார்த்தாலே கொக்கோத் தோட்டம் என்று சொல்லிவிடலாம்.

பார்படோஸ் மரவீட்டுப் படத்துக்கும் ஒரு சொல். அந்த வீடு அத்திவாரமின்றித் தளர்வாக அடுக்கிய கற்களின்மேல் இருப்பது வறுமையால் மட்டும் அல்ல. காணி தோட்ட முதலாளியுடையது, வீடு தொழிலாளியுடையது. வெளியேறச் சொன்னால் பலகை பலகையாகக் கழற்றி வண்டியிலேற்றி அடுத்த காணியில் பூட்டவேண்டும். அதனால்தான் முன்பக்கம் நடுவில் கதவு, இருபுறமும் ஒவ்வொரு சன்னல் என்று ஒரே அளவு. கை கொஞ்சம் இளகினால் பின்னால் அதேபோல இன்னொரு கூடு சேர்ப்பார்கள். படத்தில் எத்தனை முகட்டுக்கூரை என்று எண்ணினால் அந்தக் குடும்பத்தின் ஏற்றம் தெரியும். செங்குத்தான கூரை புயற்காற்றுக்காக.

அச்சுத் தரம் பற்றி ஒன்று. உங்கள் நான்காம் படத்தின் வானத்தில் பட்டுச்சேலை மடிப்புப்போல அலைக்கோடுகள் ஓடின. மூலம் ஏற்கெனவே புள்ளிப்புள்ளியாக அச்சான அட்டை. அதை ஸ்கான் செய்து நீங்கள் மறுபடி புள்ளியாக்கும்போது இரண்டு புள்ளி வலைகளும் மோதியதால் வந்தது. 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் ஒழுங்கான புள்ளி வரிசை தெரியும். அப்படியானால் 600 டீ.பி.ஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) அல்லது அதற்கு மேல் ஸ்கான் செய்து, ஸ்கானர் மென்பொருளில் அச்சுப்புள்ளி நீக்கும் தெரிவைப் போட்டு, பிறகு சிறிதாக்குங்கள். புள்ளிக்குப் பதிலாகப் புழு நெளிந்ததுபோல ஒழுங்கற்ற இழை தெரிந்தால் அது கொலோடைப் அச்சு, அதற்கு இந்தத் தொல்லை குறைவு. புள்ளியும் இழையும் இல்லாமல் வழவழப்பாகப் போனால் உண்மையான போட்டோ.

இதெல்லாம் கரீபியனோடு முடியாது. அதே பக்கத்தின் அடியில், "உங்கள் வீட்டுப் பழைய படங்களை எங்களுக்கு அனுப்புங்கள்" என்று வாசகரைக் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து மூலப்படத்தைத் தபாலில் அனுப்பச் சொல்லாதீர்கள். வீட்டிலேயே ஸ்கான் செய்து அனுப்பட்டும். அஞ்சலட்டை அளவு, அதாவது 3.5க்கு 5.5 அங்குலப் படம் 600 டீ.பி.ஐயில் 2100க்கு 3300 புள்ளிகள் வரும், உங்கள் நடுப்பக்கத்துக்கு அது தாராளம். முன்னும் பின்னும் இரண்டு கோப்பு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டொக்கியுமென்ட் ஆக அனுப்பினால் சுருங்காது. ஸ்கானர் இல்லாதவர் படத்தை மேசையில் மட்டமாக வைத்து, வெயில் நேரே விழாத சன்னலோரம், ஃபிளாஷ் இல்லாமல், கைபேசியைப் படத்துக்கு நேர்மேலே பிடித்து எடுக்கலாம். சரித்துப் பிடித்தால் முகம் கோணும்.

எங்கள் வீடுகளில் அதிகம் கெடுவது சட்டம் போட்ட படம். கண்ணாடியோடு நேரே ஒட்டி அடைத்திருப்பார்கள். மாரியில் ஈரம் ஏறி, படத்தின் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியில் பிடித்துக்கொள்ளும். செத்தவர் படத்துக்குச் சந்தனமும் குங்குமமும் கண்ணாடிமேல் வைத்து ஈரமாலை போட்டால் விளிம்பால் தண்ணீர் இறங்கும், விளக்குப் புகை வேறு. ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்க முயலவே கூடாது, முகம்தான் முதலில் கண்ணாடியோடு போகும். கண்ணாடியோடு அப்படியே படம் பிடியுங்கள். எதிரே கறுப்புத் துணி தொங்கவிட்டால் பிரதிபலிப்பு வராது. புதிதாகச் சட்டம் போடுகிறவர்கள் படத்தைச் சுற்றி ஒரு தடித்த மட்டை விளிம்பு வைத்துக் கண்ணாடியிலிருந்து விலக்கட்டும்.

1980களில் பரவிய பசை அல்பங்களிலிருந்து படத்தைப் பிடித்து இழுத்தால் வளைந்து வெடிக்கும். மெழுகு பூசாத பல்லிழையை மூலையில் நுழைத்து அறுப்பதுபோல மெல்ல நகர்த்தினால் கழன்று வரும். வெள்ளத்தில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிய காகிதப் படங்களை வெயிலில் போட்டால் கட்டியாகிவிடும். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் விட்டு, இரண்டு நாளைக்குள் ஒவ்வொன்றாகப் பிரித்து, முகம் மேலே இருக்க நிழலில் உலர்த்தவேண்டும். 19ஆம் நூற்றாண்டுக் கண்ணாடிப் படமாயின் தண்ணீரில் போடவே வேண்டாம், படலம் கழன்றுவிடும். லமினேற் செய்வது பாதுகாப்பு என்று நினைப்பவர் பலர். சூடும் பசையும் சேர்ந்து திரும்பக் கழற்ற முடியாத சிறை அது. வேப்பிலையைப் படத்தோடு படாமல் பெட்டியின் மூலையில் வைக்கலாம், தாள்களுக்கிடையில் வைத்தால் கறை பிடிக்கும். பின்பக்கம் பெயர் எழுதுவதற்கு மெல்லிய பென்சில். போல்பொயின்ற் பேனாவின் அழுத்தம் முன்பக்க முகத்தில் கோடாக எழும்பும்.

பெயரைக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். படத்தில் இருப்பவர்கள் இடமிருந்து வலமாக, ஊர், விசேடம், ஸ்ரூடியோவின் முத்திரை. 'அம்மம்மா' என்று மட்டும் எழுதினால் அடுத்த தலைமுறைக்கு யாருடைய அம்மம்மா என்று தெரியாது.

ஒப்பிட்டுப் பார்க்க விரும்பும் வாசகருக்கு: ரொறன்ரோவில் உள்ள ஒன்ராறியோ கலைக்கூடம் 2019இல் 3,500க்கு மேற்பட்ட கரீபியன் பழம்படங்கள் அடங்கிய மொன்ற்கொமறி தொகுப்பை வாங்கியது. அந்த நகரில் உறவில்லாத வீடு யாழ்ப்பாணத்தில் குறைவு, போய்ப் பார்த்து வரச் சொல்லலாம். பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் சி.ஓ. 1069 என்ற குடியேற்ற அலுவலகத் தொகுப்பில் கரீபியன் தீவுகளின் படங்களும் இலங்கைப் படங்களும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. உள்ளூரில் 'நூலக நிறுவனம்' என்ற அமைப்பு ஆவணங்களை எண்ணிமமாக்கி வருகிறது. வாசகர் அனுப்பும் படங்களை நீங்கள் அச்சிட்ட பிறகு அழித்துவிடாமல் அப்படியொரு இடத்தில் சேர்ப்பிக்க, அனுப்பியவரின் ஒப்புதலை முதலிலேயே வாங்கி வையுங்கள்.

இரண்டாம் படத்துக்குத் திருத்தம் போடுவதானால் இந்த வாசகம் போதும்: "பெயர் பதிவாகாத பெண், திரினிடாட். இந்தியாவிலிருந்து ஒப்பந்தத்தில் சென்ற சமூகத்தைச் சேர்ந்தவர். உடை வட இந்திய வழக்கு. ஸ்ரூடியோவில் எடுக்கப்பட்டு அஞ்சலட்டையாக விற்கப்பட்டது. அட்டையில் அச்சான தலைப்பு, வெளியீட்டாளர், எண்:" அதன் பிறகு விளிம்பில் உள்ளதை உள்ளபடி. விளிம்பு உங்கள் அலுவலகக் கோப்பில் இன்னும் இருக்கும் என்று நம்புகிறோம்.

இப்படிக்கு,
பழைய ஒளிப்பட ஆர்வலர்கள்,
நல்லூர், யாழ்ப்பாணம்.